விடியும்போது மணி பன்னிரண்டு: தான்சானியா ஓர் அறிமுகம்

தான்சானியாவில் ஒருவரிடம் காலை 7 மணிக்கு நேரம் கேட்டால் "சா மோஜா" என்பார். மணி ஒன்று என்று பொருள். நம்முடைய 8 மணி அவருக்கு இரண்டு, நண்பகல் ஆறு, விடிகாலை 6 மணி பன்னிரண்டு. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். நம் பஞ்சாங்கத்தில் சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதும் இதே மாதிரிக் கணக்குதான். நாம் அதைப் பஞ்சாங்கத்தோடு விட்டுவிட்டோம். அவர்கள் பேருந்து நிலையத்திலும் வைத்திருக்கிறார்கள். தெரியாமல் போகிற வெளியூர்க்காரர் ஆறு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து நிற்பார்.

இந்தக் கணக்கு அங்கே ஒத்துவருவதற்குப் பூகோளமும் காரணம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 1 பாகையிலிருந்து ஏறக்குறைய 12 பாகை வரைக்குள் நாடு முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம். சூரியன் நேரம் தவறுவதில்லை. குளிர்காலத்தில் 8 மணிக்கு விடியும் லண்டனில் இப்படி எண்ணிப் பாருங்கள், ஒரு வாரம்கூடத் தாங்காது.

சரி, நாட்டுக்கு வருவோம்.

ஏழு தமிழ்நாடு, ஒரு தமிழ்நாட்டை விடக் குறைந்த மக்கள்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கிறது தான்சானியா. வடக்கே கென்யாவும் உகாண்டாவும், மேற்கே ருவாண்டா, புருண்டி, தங்கனீக்கா ஏரிக்கு அக்கரையில் காங்கோ, தெற்கே சாம்பியா, மலாவி, மொசாம்பிக் என மொத்தம் எட்டு அண்டை நாடுகள். பரப்பு சுமார் 9.45 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6.17 கோடி. தமிழ்நாட்டில் 2011-லேயே 7.21 கோடிப் பேர் இருந்தோம்.

நிலம் இவ்வளவு காலியாகக் கிடக்க ஒரு காரணம் ஈ. மேற்கிலும் தெற்கிலும் மியோம்போ என்னும் வறண்ட காடு பரந்து கிடக்கிறது. அங்கே செட்சி ஈ உண்டு. அது கடித்தால் மாட்டுக்கு நோய், மனிதனுக்கு உறக்க நோய். மாடு வளர்க்க முடியாத இடத்தில் ஊர் வளரவில்லை. இன்று பெரிய காப்பகங்களாக இருக்கும் பல இடங்கள் அப்படி மனிதர்கள் குடியேறாமல் விட்டவை.

ஆனால் இந்தக் காலியிடம் வேகமாக நிரம்புகிறது. 1967-இல் 1.23 கோடியாக இருந்த மக்கள்தொகை 55 ஆண்டுகளில் ஐந்து மடங்காகிவிட்டது. நாட்டில் பாதிப் பேர் ஏறக்குறைய 18 வயதுக்குக் கீழே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், வேலை, அரசியல் என்று எதைப் பற்றிப் பேசினாலும் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

பிளந்துகொண்டிருக்கும் நிலம்

கடற்கரையிலிருந்து மேற்கே போனால் முதலில் தென்னை, மாங்குரோவ், புழுக்கம். அப்புறம் நிலம் மெல்ல உயர்ந்து ஆயிரம் மீட்டர் மேட்டுநிலம் வருகிறது. முள்மரமும் செம்மண்ணும் பெருக்கமரமும் நிறைந்த வறண்ட நாடு. ராமநாதபுரம் பக்கம் பொந்தம்புளி என்கிறார்களே, மன்னாரில் தடித்த அடிமரத்தோடு நிற்குமே, அதே மரம். அது இங்கிருந்துதான் நம் கரைக்கு வந்து சேர்ந்தது, அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறந்தகம் ஆப்பிரிக்கா என்பதில் சந்தேகமில்லை.

இன்னும் மேற்கே போனால் கதை சுவாரசியமாகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி மெதுவாகக் கிழிந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடப்பதால் வடக்கு தெற்காகப் பெரும் பள்ளத்தாக்குகள் விழுந்துவிட்டன. தான்சானியாவுக்குள் இந்தப் பிளவு இரண்டு கிளையாக ஓடுகிறது. மேற்குக் கிளையில் பள்ளம் ஆழமாக விழுந்து நீர் நிரம்பியது. அதுதான் தங்கனீக்கா ஏரி. ஆழம் சுமார் 1,470 மீட்டர். சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு அடுத்தபடி உலகிலேயே ஆழமான ஏரி இது. கிழக்குக் கிளையில் நீரை விட நெருப்பு அதிகம். கிளிமஞ்சாரோவும் மேரு மலையும் ஙொரொங்கோரோவும் அந்த எரிமலை வரிசையைச் சேர்ந்தவை.

கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவின் மிக உயரமான சிகரம். நம் ஆனைமுடியை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் எட்டாது. பூமத்திய ரேகைக்கு மூன்றே பாகை தள்ளி நின்றும் உச்சியில் பனி இருக்கிறது. இருந்தது என்று சீக்கிரம் சொல்ல வேண்டியிருக்கும். 1912-இல் அளந்த பனிப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது.

என்னைக் கேட்டால் கிளிமஞ்சாரோவை விட வியப்பான மலை அதற்கு மேற்கே இருக்கிறது. ஓல் டொய்ன்யோ லெங்காய். மாசாய் மொழியில் கடவுளின் மலை. மற்ற எரிமலைகளில் கல் உருகி வரும். இதில் வருவது சோடியமும் கால்சியமும் கலந்த கார்பனேட் குழம்பு. சாதாரண எரிமலைக் குழம்பில் பாதிச் சூடுதான் இருக்கும். கறுப்பாக, எண்ணெய் போல ஓடி, காற்றுப் பட்டதும் சில நாளில் வெளுத்துவிடும். இப்படிக் கக்கும் உயிருள்ள எரிமலை உலகில் வேறு எங்கும் கிடையாது. பக்கத்திலேயே நேட்ரான் ஏரி, சோடா உப்பு மண்டிய நீர். வேறு விலங்கு அண்டாது என்பதாலேயே பூநாரைகளுக்கு அது பிரசவ அறை. உலகின் சிறு பூநாரைகளில் பெரும்பகுதி அந்த ஏரியில் பொரித்தவை.

எரிமலைச் சாம்பல் இன்னொரு காரியமும் செய்தது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் லேட்டோலி என்ற இடத்தில் ஈரச் சாம்பல் மீது சிலர் நடந்து போனார்கள். இரண்டு காலில், நம்மைப் போலவே. சாம்பல் இறுகி அந்தக் காலடிகள் அப்படியே நின்றுவிட்டன. 1970களில் மேரி லீக்கியின் குழு அவற்றைக் கண்டெடுத்தது. அருகிலுள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மனித மூதாதையரின் எலும்புகளும் கல்லாயுதங்களும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. ஓல்டுவாய் என்பது 'ஓல்டுபாய்' என்ற மாசாய்ச் சொல்லின் திரிபு. அங்கே மண்டிக்கிடக்கும் ஒரு நார்ச்செடியின் பெயர் அது, நம் ஊர் மருளுக்கு நெருங்கிய சொந்தம்.

வடமேற்கில் விக்டோரியா ஏரி. ஆப்பிரிக்காவிலேயே பெரியது. அதில் சரிபாதி தான்சானியாவுக்கு, மீதி உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும். பரப்பு பெரிதே தவிர ஆழம் அதிகமில்லை. இந்த ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கொடுவாவின் இனம், ஆனால் 100 கிலோவையும் தாண்டி வளரும். அது ஏரியின் சின்ன மீன்களைத் தின்று தீர்த்தது. நூற்றுக்கணக்கான மீனினங்கள் காணாமல் போயின. அதே நேரம் முவான்சா நகரில் ஆலைகள் வந்தன, மீன் துண்டங்கள் ஐரோப்பாவுக்கு விமானமேறின. கரையில் இருக்கும் ஏழை வீட்டுக்கு இன்றும் 'டகா' என்னும் கருவாட்டுச் சிறுமீன்தான். லாபமா நட்டமா என்று ஒரே வார்த்தையில் சொல்லக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மழையைப் பற்றி ஒரு வரி. வடக்கிலும் கடற்கரையிலும் மார்ச் முதல் மே வரை 'மசிகா' என்ற பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'வூலி' என்ற சிறுமழை. தெற்கிலும் மேற்கிலும் ஒரே மழைக்காலம். பெரும்பாலான விவசாயம் வானத்தைப் பார்த்து நடப்பதால் இது பிசகினால் எல்லாம் பிசகும்.

காற்று கொண்டுவந்தவர்கள்

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தருகிற வடகிழக்குப் பருவக்காற்று அதோடு நின்றுவிடுவதில்லை. அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரை வரை வீசுகிறது. அங்கே அதற்கு 'கஸ்காசி' என்று பெயர். இந்தக் காற்றைப் பிடித்து அரேபியா, பாரசீகம், குஜராத்திலிருந்து பாய்மரக் கப்பல்கள் வரும். ஏப்ரலுக்குப் பிறகு காற்று திரும்பி 'கூசி'யாகத் தெற்கிலிருந்து வீசும். அதில் ஏறி ஊர் திரும்பலாம். இடைப்பட்ட மாதங்களில் வணிகர்கள் கரையில் தங்க வேண்டும். தங்கினார்கள், வீடு கட்டினார்கள், பெண் எடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளாக இப்படித் தங்கியதன் விளைவு சுவாஹிலி. அரபியில் 'சாஹில்' என்றால் கடற்கரை. இலக்கணம் முழுக்க பாண்டு மொழியுடையது, சொற்களில் நிறைய அரபி.

இந்தியச் சொற்களும் ஏறிக்கொண்டன. காசு 'பேசா', கடை 'டுகா', வண்டி 'காரி', காப்பீடு 'பீமா', சப்பாத்தி சப்பாத்தியேதான். எனக்கு மிகப் பிடித்தது 'லாக்கி'. நூறாயிரத்துக்கு அங்கே லாக்கி என்பார்கள். நம் லட்சம்தான். ஜெர்மானியர் ஆட்சியில் அங்கே ஓடிய நாணயத்தின் பெயரும் ரூப்பிதான்.

இன்னொரு ஏற்றுமதியும் நடந்தது: மனிதர்கள். ஓமானின் சுல்தான் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தன் தலைநகரையே சான்சிபார் தீவுக்கு மாற்றிக்கொண்டார். உள்நாட்டிலிருந்து யானைத் தந்தத்தோடு பிடித்துக் கொண்டுவரப்பட்ட மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், தீவின் கிராம்புத் தோட்டங்களுக்கும் அரேபியாவுக்கும். 1873-இல் பிரிட்டிஷ் நெருக்கடியால் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டது.

1885-இல் ஜெர்மனி நிலப்பகுதியைத் தன் காவலில் எடுத்தது. பருத்தி போடு என்று கட்டாயப்படுத்தியதில் 1905-இல் தெற்கே 'மாஜி மாஜி' கலகம் வெடித்தது. 'மாஜி' என்றால் தண்ணீர். மந்திரித்த நீரைத் தெளித்துக்கொண்டால் ஜெர்மானியர் குண்டு தண்ணீராகிவிடும் என்று நம்பிப் போனார்கள். ஆகவில்லை. ஆனால் குண்டில் செத்தவர்களை விட, படை பயிரையும் களஞ்சியத்தையும் எரித்ததால் பட்டினியில் செத்தவர்கள்தான் மிகுதி. மொத்தச் சாவு 75,000-இலிருந்து 3 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இடம் பிரிட்டன் கைக்குப் போனது, தங்கனீக்கா என்ற பெயரில்.

1961 டிசம்பர் 9-இல் தங்கனீக்கா விடுதலை பெற்றது. சான்சிபாருக்கு 1963 டிசம்பரில் விடுதலை. ஒரு மாதம்தான். 1964 ஜனவரி 12-இல் அங்கே புரட்சி நடந்து சுல்தான் ஓடினார். அரபு, இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 26-இல் இரண்டு நாடுகளும் இணைந்தன. 'தான்' தங்கனீக்காவிலிருந்து, 'சான்' சான்சிபாரிலிருந்து. சான்சிபாருக்கு இன்றும் தனி அதிபர், தனிச் சட்டசபை உண்டு. உங்குஜா, பெம்பா என்ற இரண்டு பெரிய தீவுகளும் சில குட்டித் தீவுகளும் சேர்ந்ததுதான் அது.

வாத்தியாரின் நாடு

முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே முன்னாள் பள்ளி ஆசிரியர். 'முவாலிமு', அதாவது வாத்தியார் என்றே நாடு இன்றும் அவரைக் கூப்பிடுகிறது. இரண்டு பெரிய காரியங்களில் கை வைத்தார். ஒன்றில் ஜெயித்தார், ஒன்றில் தோற்றார்.

தோற்றதை முதலில் பார்ப்போம். 1967-இல் அருஷா நகரில் வெளியிட்ட பிரகடனத்தில் 'உஜமா' என்ற சோசலிசத்தை அறிவித்தார். குடும்ப உறவு என்பது அந்தச் சொல்லின் பொருள். வங்கிகளும் பெரிய ஆலைகளும் அரசுடைமையாயின. 1971-இல் வாடகைக் கட்டடங்களும் போயின. கடை வைத்திருந்த குஜராத்திக் குடும்பங்கள் பல அப்போதுதான் லண்டனுக்கும் கனடாவுக்கும் பெட்டி கட்டின. சிதறிக் கிடந்த விவசாயிகளை ஊர் ஊராகச் சேர்த்தால் பள்ளி, குழாய், மருத்துவம் எல்லாம் தரலாம் என்பது திட்டம். முதலில் விருப்பப்பட்டவர்கள் வந்தால் போதும் என்றார். 1973-க்குப் பிறகு விரும்பாதவர்களையும் லாரியில் ஏற்றினார்கள், சில இடங்களில் பழைய வீட்டைக் கொளுத்திவிட்டு. தெரிந்த மண்ணை விட்டுத் தெரியாத மண்ணுக்கு வந்த விவசாயிக்கு விளைச்சல் விழுந்தது. வறட்சியும் சேர, தானியம் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. 1978-79-இல் உகாண்டாவின் இடி அமீன் படையெடுத்து வர, அவரைத் துரத்திப் பதவியிறக்கிய போர் கருவூலத்தைக் காலி செய்தது. 1985-இல் நைரேரே தானாகப் பதவி விலகினார். அடுத்த ஆண்டே நாடு பன்னாட்டு நிதியத்தின் வாசலில் நின்றது.

ஜெயித்தது மொழியில். 120-க்கு மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு. பாண்டு, நைலோட்டிக், குஷிடிக், 'க்ளிக்' என்று நாக்கைச் சொடுக்கிப் பேசும் ஹாட்சா, சண்டாவே மொழிகள் எனப் பல குடும்பங்கள். பெரிய இனமான சுகுமாக்கள்கூட ஆறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. எந்த இனமும் மற்றதை அடக்கும் அளவு பெரிதில்லை என்பது நல்வாய்ப்பு. எந்தப் பெரிய இனத்தின் தாய்மொழியாகவும் இல்லாத சுவாஹிலியை ஆரம்பப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுவந்தார். இளைஞர்களை ஊர் விட்டு ஊர் அனுப்பிப் படிக்க வைத்தார்கள். 1967-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உன் இனம் என்ன, மதம் என்ன என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். பக்கத்து நாடுகளில் தேர்தல் வந்தால் இனம் பார்த்து அடித்துக்கொண்டார்கள், ருவாண்டாவில் படுகொலையே நடந்தது. தான்சானியாவில் இன அடிப்படையில் அப்படி ஒன்று மூளவில்லை. எல்லாவற்றுக்கும் மொழி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பங்கு அதற்குண்டு.

இதிலும் ஓட்டை இருக்கிறது. ஆரம்பப் பள்ளி முழுவதும் சுவாஹிலியில் படித்த பிள்ளை உயர்நிலைக்குப் போனதும் எல்லாப் பாடமும் திடீரென ஆங்கிலம். ஆசிரியருக்கே ஆங்கிலம் தடுமாறும். தமிழ்வழியில் படித்துக் கல்லூரியில் முதல் ஆண்டு திணறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அரசியல் வேறு கதை. 1992-இல் பல கட்சி முறை வந்தாலும் ஆளுங்கட்சியான சிசிஎம் ஒரு முறைகூடப் பதவி இழந்ததில்லை. 2021-இல் அதிபர் மகுஃபுலி இறந்ததும் துணை அதிபராக இருந்த சான்சிபார்க்காரர் சாமியா சுலுஹு ஹசன் பதவிக்கு வந்தார், நாட்டின் முதல் பெண் அதிபர். தொடக்கத்தில் இறுக்கம் தளர்ந்தது போல் தெரிந்தது. 2025 அக்டோபர் தேர்தலில் முக்கிய எதிர்க்கட்சியைப் போட்டியிடவே விடவில்லை, அதன் தலைவர் துண்டு லிஸ்ஸு தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். சாமியாவுக்கு ஏறத்தாழ 98 விழுக்காடு வாக்கு என்று அறிவித்தார்கள். தெருவில் இறங்கிய இளைஞர்கள் மீது துப்பாக்கிச்சூடு, இணைய முடக்கம், பல உயிர்ப்பலி. அமைதியான நாடு என்று பெயர் வாங்கியிருந்த இடத்தில் இது பெரிய அதிர்ச்சி.

களியும் கங்காவும்

அன்றாட வாழ்க்கை நமக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. முக்கிய உணவு 'உகாலி'. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கட்டியாகக் கிண்டுவது. களிதான் அது. கையால் பிட்டு, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி போட்டு, கீரையிலோ பீன்ஸ் குழம்பிலோ தோய்த்துத் தின்பார்கள். கடற்கரையில் தேங்காய்ப்பால் சோறு. ஏரிப் பக்கம் ஹாயா மக்களுக்கும் கிளிமஞ்சாரோச் சரிவில் சாக்கா மக்களுக்கும் வாழைக்காய். சாக்காக்களின் தோட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்: மேலே வாழை, அதன் நிழலில் காப்பி, கீழே கிழங்கு, ஓரத்தில் மலையோடையிலிருந்து தாங்களே வெட்டிக்கொண்டுவந்த வாய்க்கால்.

பெரியவர்களைப் பார்த்தால் சிறியவர் "ஷிகாமோ" என்று சொல்ல வேண்டும். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பது அதன் பழைய பொருள். "மராஹபா" என்று பெரியவர் ஏற்றுக்கொள்வார். பெண்கள் உடுத்தும் 'கங்கா' துணியில் கரையும் நடுப்பூவும் தவிர ஒரு வரி எழுத்தும் அச்சாகியிருக்கும். பழமொழி, வாழ்த்து, சில சமயம் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குத்தல். வாயால் சொல்ல முடியாததைத் துணி சொல்லிவிடும். 'ஹபா ந ஹபா ஹுஜாசா கிபாபா' என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் படி நிரம்பும்.

தெருவில் 'டலடலா' சிற்றுந்து, 'போடபோடா' வாடகை மோட்டார் சைக்கிள், அப்புறம் 'பஜாஜி'. ஆட்டோவுக்கு அங்கே அதுதான் பெயர், டிவிஎஸ் கம்பெனி ஆட்டோவாக இருந்தாலும் அது பஜாஜிதான்.

எதை விற்று வாழ்கிறார்கள்

2023-இல் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 8,000 கோடி டாலர். தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 டாலர், இந்தியாவில் பாதி. உழைப்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பிழைப்பு நிலத்தில்தான். ஏற்றுமதியில் முதலிடம் தங்கத்துக்கு, விக்டோரியா ஏரிக்குத் தெற்கே கெய்ட்டா பக்கம் பெரிய சுரங்கங்கள்.

சுற்றுலாவும் தங்கத்துக்கு இணையாக அந்நியச் செலாவணி தருகிறது. 2024-இல் வெளிநாட்டுப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். முக்கியக் காரணம் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற மான் பத்து லட்சத்துக்கு மேல், மழையையும் புல்லையும் தேடி வட்டமாக நடந்துகொண்டே இருக்கிறது. பார்ப்பதற்கு அற்புதம்தான். ஆனால் அந்தப் புல்வெளியில் காலங்காலமாக மாடு மேய்த்த மாசாய் மக்களை 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றி ஙொரொங்கோரோவுக்கு அனுப்பினார்கள், இங்கே நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்லி. 2022 முதல் அங்கிருந்தும் 600 கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் ஹண்டேனி பக்கம் போகச் சொல்கிறார்கள். மாடு பெருகிவிட்டது, காட்டுக்குக் கேடு என்கிறது அரசு. விடுதிகள் மட்டும் பெருகலாமா என்று மாசாய்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

தான்சானைட் என்ற நீலக்கல் 1967-இல் கிளிமஞ்சாரோ அருகே மெரெரானியில் கிடைத்தது. வெட்டி விற்கும் அளவுக்கு உலகில் வேறெங்கும் அது இல்லை. அப்படியும் அதில் பெரும்பகுதி கள்ளத்தனமாக வெளியே போய், ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டது. 2018-இல் அரசு சுரங்கத்தைச் சுற்றி 24 கிலோமீட்டர் மதில் கட்டியது.

பயிர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்ற இறக்கக் கதை. நார்க் கற்றாழையை 1893-இல் ஒரு ஜெர்மானியர் அமெரிக்காவிலிருந்து தருவித்தார். வழியில் பிழைத்தவை 62 கன்றுகள். அதிலிருந்து டாங்கா பக்கம் முழுவதும் தோட்டமாகி, ஒரு காலத்தில் உலகுக்கே கயிறு கொடுத்தார்கள். நைலான் வந்தது, விலை விழுந்தது. கிராம்பில் பெம்பா தீவு பேர் பெற்றது, பிறகு இந்தோனேசியா முந்திக்கொண்டது. சான்சிபாரின் கிழக்குக் கரையில் பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். மண்டபம், ராமேசுவரம் கடலில் வளர்க்கிற அதே கப்பாபைகஸ். கடல் சூடாவதால் அந்த நல்ல இனம் அழுகிப்போகிறது என்பது அவர்கள் கவலை. அந்தத் தீவில்தான் ஐஐடி மெட்ராஸ் 2023-இல் தன் வெளிநாட்டு வளாகத்தைத் திறந்தது. ஐஐடி ஒன்று இந்தியாவுக்கு வெளியே கிளை வைத்தது அதுவே முதல் முறை.

துவரைக்கு அங்கே 'ம்பாசி' என்று பெயர். கடற்கரையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் காலையில் தின்பார்கள். மற்றபடி இந்தியாவை நம்பிப் பயிரிடுவதுதான் அதிகம். 2017-இல் இங்கே விளைச்சல் பெருகி, இந்திய அரசு இறக்குமதிக்கு அளவு கட்டியது. தான்சானிய விவசாயியின் மூட்டை விலை தரையில் விழுந்தது. நம் ஊரில் பருப்பு விலை குறைந்ததே என்று நாம் மகிழ்ந்த ஆண்டு அது.

துறைமுகமும் ஒரு தொழில். கடலில்லாத சாம்பியா, ருவாண்டா, புருண்டி, கிழக்குக் காங்கோ எல்லாவற்றுக்கும் தார் எஸ் சலாம் துறைமுகம்தான் வாசல். சாம்பியாவின் செம்பு வர 1970களில் சீனா 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுக் கொடுத்தது. இப்போது புதிய பாதையில் மின்சார ரயில் வந்திருக்கிறது. 1973-இலேயே தலைநகர் என்று அறிவித்துப் பல பத்தாண்டு காகிதத்தில் கிடந்த டொடோமாவுக்கு, தார் எஸ் சலாமிலிருந்து 2024 முதல் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ருஃபிஜி ஆற்றில் 2,115 மெகாவாட் அணை ஒன்றையும் அரசு கட்டியிருக்கிறது.

கடைசியாக முந்திரி. தெற்கே மத்வாரா, லிண்டி வட்டாரங்களின் உயிர். போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், நம் கரைக்கு வந்தது போலவே. அங்கே அறுவடை அக்டோபரில் தொடங்கும், இங்கே மாசி, பங்குனியில். அதனால் இந்திய ஆலைகள் உள்ளூர்க் கொட்டை தீர்ந்த மாதங்களில் ஆப்பிரிக்கக் கொட்டையை வைத்து ஓடுகின்றன. விவசாயி கொட்டையைக் கூட்டுறவுக் கிடங்கில் போட்டு ரசீது வாங்குவார், ஏலம் நடக்கும், பணம் வங்கிக்கோ கைப்பேசிக்கோ வரும். 2018-இல் வணிகர்கள் கேட்ட விலை போதாது என்று அதிபர் மகுஃபுலி ஏலத்தையே நிறுத்தி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு ராணுவத்தை விட்டு வாங்கச் சொன்னார். லாரியில் சிப்பாய்கள் மூட்டை ஏற்றினார்கள். வாங்கியதை உடைத்துப் பருப்பாக்க நாட்டில் போதிய ஆலையில்லை, விற்க ஆள் தேடிக் கிடங்கில் கிடந்தது, பல விவசாயிகளுக்குப் பணம் வர மாதக்கணக்கானது. இன்றும் விளைச்சலில் பெரும்பங்கு ஓட்டோடுதான் கப்பலேறுகிறது, வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும். உடைக்கிற கூலி அங்கே போய்ச் சேர்கிறது.